சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர்

பட்டம் பெறும் செல்வங்களே, சுருக்கமாகப் பேசுகிறேன். இந்த வெக்கையில் அங்கி மாட்டி உட்கார்ந்திருப்பவர்களைச் சோதிக்கக் கூடாது.

சட்டம் படித்த நாளில் வகுப்பைவிடப் புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகத்தில்தான் அதிகம் இருந்தேன். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதும் ஒரு காரணம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கையில் சிக்கியது அப்போதுதான். பிறகு மதம் சார்ந்த வழக்கு எது வந்தாலும் அந்தப் பக்கங்களே நினைவுக்கு வரும்.

1748 செப்டம்பர். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். சேசு சபைப் பாதிரிமார் நெடுநாளாகக் கேட்டுவந்ததைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே செய்துகொடுத்தார்: வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரில் இந்துக்களே அதிகம். ஆனால் அதிகாரம் சபையின் சொல்லுக்குக் காது கொடுத்தது. துய்ப்ளேயின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான, பிள்ளை அதை மனம் நொந்து எழுதிவைத்தார்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த சம்பா கோயில் என்ற தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபுறம் தலித் கிறிஸ்தவர்கள். 1745இல் காரைக்காலிலிருந்து வந்த பாதிரியாரிடம் தலித்துகள் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது, சாதிக்காரர்கள் கொதித்தார்கள். இதையும் பிள்ளை எழுதியிருக்கிறார்.

வேற்று மதத்தாரின் கோயிலைப் பொறுக்காத அதிகாரமும், சொந்த மதத்தாரையே ஒதுக்கும் வழக்கமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. சமத்துவம் இல்லாவிட்டால் மதச் சுதந்திரம் வலுத்தவனுக்கு மட்டுமே சொந்தம். அரசமைப்பின் 25ஆம் பிரிவு அதை எல்லோருக்கும் சமமாகத் தருவது அதனால்தான்.

இன்று நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் நூற்றுக்கு 87 பேர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தலா 6 பேர். விட்டுக்கொடுக்கும் பொறுப்பும் பெரும்பான்மையினரிடம் கைமாறிவிட்டது. அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை: பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது. தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் காத்திருக்கிறார்கள். இது நியாயமில்லை என்பது என் கட்சி.

உங்களில் சிலர் தாசில்தார் ஆவீர்கள், சிலர் காவல் ஆய்வாளர். கல்லறைக்கு இடம் கேட்டோ திருவிழாவுக்கு அனுமதி கேட்டோ மேசைக்கு மனு வரும். பெயரைப் பார்த்து அதை அடியில் தள்ளாதீர்கள். உங்கள் மதத்துக்காரர் கொடுத்திருந்தால் எத்தனை நாளில் கையெழுத்துப் போடுவீர்களோ, அத்தனை நாளில் போடுங்கள்.