வானம் பார்த்த பூமியும் மூவரிக் கவிதையும்



மகாகவி பாரதியார் 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ என்னும் கட்டுரை ஐக்கூவைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது. 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்க’ளும், அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’யும் நூல்களாக வெளிவந்தபின், மூன்றடி எழுதாத இளங்கவிஞர் அரியர் என்னும் நிலை உருவாயிற்று. எண்ணிக்கை பெருகியது, இயற்கையைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அதற்கு ஈடாகப் பெருகியதா என்பதே இன்று எழும் வினா.

ஜப்பானிய மரபில் ஐக்கூவுக்குப் பதினேழு ஒலியசைகள் மட்டும் போதா. பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்றும் வேண்டும். கண்ணால் கண்டதை உள்ளவாறு தீட்டுக என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வற்புறுத்தியவர் மசவோகா ஷிகி. இந்நெறி தமிழருக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் புள்ளும் கருப்பொருள், மனவுணர்வு உரிப்பொருள். முதலையும் கருவையும் காட்டி, உரியைச் சொல்லாது விடுவதே ஐக்கூ எனலாம்.

அவ்வாறாயின், காரியாபட்டிக் கவிஞர் செர்ரி மலரையும் உறைபனியையும் இரவல் வாங்குவானேன்? முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும் நிலம் இவர்தம் வாசலிலேயே கிடக்கிறது. ஆடிக் காற்றில் சலசலக்கும் பனையோலை, மணல் மட்டுமே ஓடும் குண்டாறு, மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டான், முதல் மழை நனைத்த மண்ணில் ஊரும் செந்நிறப் பட்டுப்பூச்சி, மார்கழிப் பனியில் வரத்துக் குறையும் மல்லிகை ஆகிய யாவும் இம்மண்ணின் பருவச் சொற்கள். அப்பட்டுப்பூச்சியைச் சங்கப் புலவர் ‘மூதாய்’ எனப் பெயரிட்டுப் பாடினர். இன்று அதன் பெயரறியாச் சிறாரே மிகுதி. பெயர் மறைந்தால் பார்வையும் மறையும்.

நோக்காது எழுதுவதற்கும் நோக்கி எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு காட்சியால் விளக்கலாம். நீரற்ற கண்மாயைப் பாட வந்த ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

வறண்ட கண்மாய்
கண்ணீர் வடிக்கிறது
மனிதனின் பேராசை!

இதில் கருத்து உண்டு; கண்மாய் இல்லை. இவ்வரிகளை வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். கரையேறிச் சென்று நின்றவர் வேறு விதமாக எழுதுவார்:

வறண்ட கண்மாய்
துவைகல்லின் மேல்
ஓர் ஓணான்.

துவைகல், இங்கே நீர் இருந்ததையும் கைகள் இருந்ததையும் சொல்கிறது. அஞ்சாது அமர்ந்திருக்கும் ஓணான், ஆள் வந்து நெடுநாளாயிற்று என்கிறது. துயரம் என்ற சொல் இல்லை, துயரம் உண்டு.

இயற்கையைப் பாடுவது மக்கள் துயரை மறப்பதாகாதா என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஆயினும் இப்பகுதியில் இயற்கையையும் வாழ்வையும் பிரித்தல் இயலாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து கண்மாய்களை மூடிய சீமைக்கருவேலமே, மழை பொய்த்த ஆண்டில் கரிமூட்டம் போடுவோர்க்குக் கஞ்சி வார்க்கிறது. அம்மூட்டத்தின் புகையை உள்ளவாறு காட்டினால் போதும். பழியும் நன்றியும் படிப்பவர் நெஞ்சில் தாமே எழும். முழக்கமிடும் மூன்றாமடி அவ்விரண்டில் ஒன்றைக் கொன்றுவிடும்.

எனவே பத்தாண்டு நிறைவு செய்யும் இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணி உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கண்மாயையோ ஓடையையோ தெரிவு செய்து, சித்திரை தொடங்கிப் பங்குனி வரை திங்கள்தோறும் சென்று காணட்டும். கண்ட புள், பூச்சி, புல் ஆகியவற்றின் பெயர்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டுக் குறிக்கட்டும். அக்குறிப்பேடுகள் ஒன்றுசேரின் வறண்ட நிலத்தின் பருவச்சொல் அகராதி ஒன்று உருவாகும். கவிதை பின்னர் வரும். வராவிடினும் சொற்கள் பிழைக்கும்.