கட்டைக்கு ஏற்ற இடுக்கி



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் விடிவதற்குள் சாய்ந்து கிடந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரம் போன துயரம் ஒருபக்கம். விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைக்க முடியாத நெருக்கடி இன்னொரு பக்கம். மட்குகிற தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு அது தப்பி நிற்கிற மரங்களின் குருத்தைக் குடையும். ஆகவே, துண்டு போட்டு அகற்றியே தீர வேண்டும்.

துண்டு போட இயந்திர ரம்பம் வந்துவிட்டது. துண்டை நகர்த்துவதற்குத்தான் இன்னமும் கயிறு, கடப்பாரை, மனிதர் தோள். விரல் நசுங்குவதும் இடுப்பு பிடிப்பதும் இந்த இடத்தில்தான். இதற்கென்றே இருக்கிற கருவி, கட்டையைக் கவ்வி இழுக்கும் இரும்பு இடுக்கி. அதைப் பார்த்து வாங்குவது எப்படி என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டு வளைந்த கைகள் கத்தரிக்கோல் மாதிரி நடுவில் ஓர் ஆணியில் குறுக்காகச் சேர்ந்திருக்கும். கீழ் நுனிகள் கூராக உள்நோக்கி வளைந்திருக்கும். மேல் நுனிகளை இரண்டு சிறு இணைப்புகள் ஒரு வளையத்தோடு பிணைத்திருக்கும். வளையத்தை இழுத்தால் மேல் கைகள் நெருங்கும், கீழ் முனைகள் மரத்தில் இறங்கும். கனம் கூடக் கூடப் பிடியும் இறுகும். இழுவை தளர்ந்தாலோ, பிடியும் தளரும். இந்தக் குணத்தை மறந்தவர்களுக்குத்தான் காலில் கட்டை விழுகிறது.

கடைக்குப் போனால் பலரும் கேட்பது, "இருப்பதிலேயே பெரிசு எது?" என்றுதான். அது தப்பான கேள்வி. நம் கட்டையின் பருமன் என்ன என்பதைத்தான் முதலில் அளந்துகொண்டு போக வேண்டும். சிறு கட்டைக்குப் பெரிய இடுக்கியைப் போட்டால், மேல் கைகள் ஏற்கெனவே நெருங்கிவிடுவதால் இணைப்புகள் ஏறக்குறைய நேராக நின்றுவிடும். வளையத்தை எவ்வளவு இழுத்தாலும் அந்த விசை மேல்நோக்கிப் போகுமே தவிர, உள்நோக்கி அழுத்தாது. பெரிய கட்டைக்குச் சிறிய இடுக்கி என்றால், கூர்முனைகள் கட்டையின் மேல் பாதியிலேயே நின்று, தூக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். கட்டையின் நடுக்கோட்டிலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ முனை பதிய வேண்டும். நீங்கள் கையாளும் கட்டைகளில் பெரும்பாலானவை இடுக்கி விரியும் அளவின் நடுப்பகுதியில் அமைகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. இங்கே மரக்கடைக் கணக்கு நம்மை ஏமாற்றும். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட கணக்குப் புத்தகத்தின் வழிவந்த முறை அது. அறுவையில் கழிவு போகும் என்பதால் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம்தான் அதில் வரும். வியாபாரத்துக்கு அது சரி. தூக்குவதற்கு, கழியப்போகும் மரமும் கனக்கத்தானே செய்யும்! பச்சை மரம் தண்ணீரின் கனத்தை ஒட்டியே இருக்கும். எனவே மரக்கடைக் கணக்கின் ஒரு கன அடிக்கு 36 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அங்குலச் சுற்றளவும் 6 அடி நீளமும் உள்ள தென்னந்துண்டு அந்தக் கணக்கில் 4 கன அடிக்குச் சற்று மேல். எடையோ 150 கிலோ. இருமுனையிலும் ஆளுக்கொரு கைப்பிடி உள்ள இடுக்கிகள் இரண்டைப் போட்டு, நான்கு பேர் பிடித்தாலும் ஆளுக்கு 37 கிலோவுக்கு மேல் விழும்.

தாங்கும் எடையை இரும்பிலேயே பொறித்திருக்கும் இடுக்கியைத்தான் நான் வாங்கச் சொல்வேன். தரையில் இழுப்பதற்கு மட்டும் என்று செய்ததை அந்தரத்தில் தூக்கப் பயன்படுத்தக் கூடாது. கைகள் உலையில் காய்ச்சி அடித்தவையாக இருப்பது நல்லது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அருமையாக வரும். ஆனால் அதே பட்டையை வெட்டி வெல்டிங் வைத்த இடுக்கி வேண்டாம். பற்றுவைத்த இடத்தை ஒட்டி இரும்பு நொறுங்கும் தன்மை அடைந்து, எச்சரிக்கை இல்லாமல் முறியும். புதுப் பெயின்ட் அந்த விரிசலை மறைத்துவிடும். இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கைகளையும் மூடி, முனைகள் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்றும், நடு ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரத்துக்கு மரம் பிடி மாறும். தென்னைக்கு வெளிப்பகுதிதான் கெட்டி, உள்ளே மென்மை. கொண்டைப் பக்கத்துத் துண்டில் நாரைக் கிழித்துக்கொண்டு முனை நழுவும், அங்கே கயிறே மேல். தைல மரத்தின் பச்சைப் பட்டை உரிந்து வரும் என்பதால், அதைச் சீவிவிட்டு மரத்திலேயே கவ்வ வையுங்கள். தேக்குப் போன்ற விலை மரத்தில் முனை குத்திய தடம் விழும். பிறகு அறுத்துத் தள்ளப்போகும் ஓரத்தில் கவ்வுங்கள்.

இழுக்கும்போது நுனியிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போட்டால் மரம் பிளக்காது. டிராக்டரில் கட்டுவதானால் பின்னால் உள்ள இழுவைக் கொக்கியில் தாழ்வாகக் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகக் கவிழும். வெட்டி இழுக்க வேண்டாம், கயிறு இறுகும்வரை மெல்லப் போகட்டும். கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது. தூக்குவதானால் ஒரு கையகலம் எழுப்பி, சற்று நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே. கட்டைக்குக் கீழே ஒருவரையும் நிற்கவிடாதீர்கள்.

முனை மழுங்கினால் அரத்தால் தீட்டுங்கள். கிரைண்டரில் சிவக்கும்படி தேய்த்தால் இரும்பின் கெட்டித்தன்மை போய்விடும். கை வளைந்த இடுக்கியைக் காய்ச்சி நிமிர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.