சாமான்களை யாரிடம் ஒப்புவிப்பது?

எங்கள் வீட்டில் ஒரு வீணை இருக்கிறது. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து செய்தது. என் தமக்கை சிறுமியாக இருந்தபோது எங்கள் தந்தையார் வாங்கிக் கொடுத்தார். தமக்கை காலமான பின்னர் அது என் வசம் வந்து சேர்ந்தது. அதன் குடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுப் போட்ட கீறல் ஒன்று தெரியும். அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்பதைச் சொன்னாலே இன்று நான் பேச வந்த விஷயத்தில் பாதியைச் சொல்லி முடித்தவனாவேன்.

2013-ஆம் ஆண்டுக் கோடையில் உத்தியோக நிமித்தம் எனக்குச் சென்னையிலிருந்து நாகபுரிக்கு மாற்றலாயிற்று. வீட்டுச் சாமான்களைச் சிப்பம் கட்டி ஏற்றிச் செல்லும் நிலையங்கள் மூன்றைத் தொலைபேசியில் விசாரித்தேன். இரண்டு நிலையத்தார், ‘நேரில் வந்து பார்த்தால்தான் கட்டணம் சொல்ல இயலும்’ என்றார்கள். மூன்றாமவர், ‘எத்தனை அறை உள்ள வீடு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 28,000 ரூபாய் என்று அந்தக் கணமே சொல்லிவிட்டார். மற்ற இருவரும் வந்து பார்த்துச் சொன்ன தொகையைவிட அது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நான் மகிழ்ந்துபோனேன். ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால் அதை நம்முடைய சாமர்த்தியம் என்று எண்ணிக்கொள்வதுதானே மனித சுபாவம்!

குறித்த நாளில் நான்கு இளைஞர்கள் வந்தார்கள். மூன்று மணி நேரத்தில் வீடு காலி. வீணையை ஒரு ஜமக்காளத்தில் சுற்றி, அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையே செருகினார்கள். குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். ‘பழைய வீட்டுச் சாமான்கள், 43 உருப்படி’ என்று அதில் எழுதியிருந்தது. மதிப்பு என்ற கட்டத்தில் 10,000 ரூபாய் என்று அவரே போட்டிருந்தார். ‘இது என்ன கணக்கு?’ என்று கேட்டேன். ‘அது சும்மா எழுதுவது சார், அதிகம் எழுதினால் உங்களுக்குத்தான் கட்டணம் ஏறும்’ என்றார். கையெழுத்திட்டேன்.

ஐந்தாம் நாள் வரவேண்டிய லாரி பன்னிரண்டாம் நாள் வந்தது. சென்னையில் ஏற்றிய லாரி அல்ல, வேறொன்று. நடுவழியில் ஏதோ ஒரு கிடங்கில் இறக்கி, நான்கு குடும்பங்களின் சாமான்களோடு சேர்த்து மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். வீணையின் மேல் யாருடையதோ ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. உருப்படிகள் 43-ம் சரியாக இருந்தன. எண்ணிக்கையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை!

நஷ்ட ஈடு கேட்டு எழுதினேன். நான் கையெழுத்திட்ட தாளின் பிரதிதான் பதிலாக வந்தது. அப்போதுதான் வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் போய்ச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சட்டம் அது.

கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு என்ன என்பதை நம் நாட்டில் நெடுங்காலம் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்து வந்தது. அதனை நீக்கி, சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் இயற்றப்பெற்று, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பொதுமக்களின் சரக்கைக் கூலிக்கு ஏற்றுபவர் தம் தொழிலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அனுப்புகிறவர், இன்ன பொருள், இன்ன மதிப்பு என்று ஒரு படிவம் எழுதித் தரவேண்டும். ஏற்றுபவர் ரசீது கொடுக்கவேண்டும். பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ, ஏற்றியவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது பெரிய சலுகை. நாகபுரிச் சாலையில் நள்ளிரவில் லாரிக்குள் என்ன நடந்தது என்று நான் எங்ஙனம் நிரூபிக்க முடியும்?

ஆனால் அந்தச் சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணமாக, ஏற்றுபவரின் பொறுப்பு நாம் கொடுக்கும் கூலியைப் போல் பத்து மடங்கு வரைதான். அதுவும், படிவத்தில் நாம் எழுதிய மதிப்புக்கு மேற்படாது. அதற்கும் அதிகமான பொறுப்பு வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் செலுத்திக் கேட்டுக்கொள்ளவேண்டும். என் விஷயத்தில் 28,000 ரூபாயின் பத்து மடங்கு 2,80,000 ரூபாய். நானோ 10,000 என்ற எண்ணுக்குக் கீழே கையெழுத்திட்டிருந்தேன். முழு வீட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வழக்குத் தொடுப்பதாயின், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்கவேண்டும் என்பதையும் நண்பர் சொன்னார். நான் வழக்குத் தொடுக்கவில்லை. கொடுத்த சிறு தொகையை வாங்கிக்கொண்டேன். வீணையைத் தஞ்சாவூருக்கு அனுப்பி ஒட்டவைக்க அதைவிட அதிகம் செலவாயிற்று. நாதத்தில் வேற்றுமை இல்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குமாஸ்தாவை நான் இன்று அவ்வளவாகக் குறை கூறுவதில்லை. அவர் வாய் பேசியது ஒன்று, தாள் பேசியது ஒன்று. நான் வாயை நம்பினேன். இந்தத் தொழிலில் நம்மோடு பேசுகிறவர் வேறு, நம் பொருளைக் கட்டுகிறவர் வேறு, லாரிக்கு உரியவர் வேறு என்பது சர்வ சாதாரணம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஓரிரண்டு லாரிகளை வைத்துப் பிழைப்பவர்கள் பலர் உண்டு. சரக்குப் பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்காரரிடம் ஒரு சக்கரம்கூடச் சொந்தமாக இராது. இதில் தவறு ஒன்றும் இல்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இத்தனை பேரில், கெட்டால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டு, அவர் பெயரில் ரசீது வாங்கவேண்டும். லாரி முழுவதும் நமக்கா, பங்குச் சரக்கா, நடுவில் மாற்றி ஏற்றுவார்களா என்பதையும் கேட்கவேண்டும். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் பெட்டி ஒருமுறை கீழே விழ வாய்ப்புண்டு. பெயர் பெற்ற நிலையத்தின் பெயரையே ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொண்டு, குறைந்த தொகை பேசிச் சாமான்களை ஏற்றிய பிறகு, பாதி வழியில் நிறுத்திப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்னதாகவே கேட்பவரிடம் சற்று விலகியே இருங்கள்.

காப்புறுதி என்று சொல்லி நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் வாங்குகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்புறுதிக் கம்பெனி உங்கள் பெயரில் கொடுத்த பத்திரம் கைக்கு வந்தால்தான் அது காப்புறுதி. பத்திரம் இல்லையேல், நீங்கள் கொடுத்தது கூடுதல் கூலி.

கல்லூரி மாணவர்களுக்கு வீடு மாற்றும் கவலை இப்போது இராது. மோட்டார் சைக்கிளை ரயிலில் அனுப்பும் கவலை இருக்கலாம். பயணச்சீட்டோடு சேர்த்து லக்கேஜாகப் பதிந்தால் வண்டி நீங்கள் போகும் ரயிலிலேயே வர இடமுண்டு. பார்சலாகப் பதிந்தால் வேறொரு ரயிலிலும் வரக்கூடும். பெட்ரோலை முற்றிலும் வடித்துவிட வேண்டும்; பதிவுப் புத்தகத்தின் பிரதி வேண்டும்; விளக்குகளையும் டாங்கியையும் சாக்கு வைத்துக் கட்டவேண்டும். ரயில்வேயின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மேலே சொன்ன தத்துவமே காணப்படுகிறது. ரயில்வேயின் பொறுப்பில் அனுப்புவதற்கு ஒரு கட்டணம், சொந்தக்காரர் பொறுப்பில் அனுப்புவதற்குக் குறைந்த கட்டணம் என்று இருவகை வைக்க அது இடம் தருகிறது. மதிப்பை எழுதி, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தியவருக்கு அந்த மதிப்பு வரை ஈடு உண்டு. எழுதாதவருக்கு விதித்த சிறு தொகைதான். சரக்கை ஒப்படைத்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை அறிவிப்புக் கொடுக்கவேண்டும்.

கடல் கடந்து படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் போகிறவர்கள் இன்று நம்மிடையே பலர். அவர்கள் திரும்பி வரும்போது சாமான்கள் கப்பலில், இரும்புப் பெட்டகத்தில் வருகின்றன. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவரின் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இம்முறை உலகெங்கும் பரவியதற்கு அந்தப் பயணத்தையே தொடக்கமாகச் சொல்வார்கள். பெட்டகம் வந்த பிறகு துறைமுகத்தில் சிப்பம் சிப்பமாகத் தூக்கிப் போடுவது வெகுவாகக் குறைந்தது. ஆயினும் காகிதத்தின் முக்கியத்துவம் குறையவில்லை. கப்பல்காரரின் பொறுப்பைப் பற்றி ஹேக்-விஸ்பி விதிகள் என்ற சர்வதேச விதிகள் உள்ளன. மதிப்பை எழுதாத சரக்குக்கு, ஒரு சிப்பத்துக்கு 666.67 அலகு, அல்லது ஒரு கிலோவுக்கு 2 அலகு, இரண்டில் எது அதிகமோ அதுவே உச்ச ஈடு என்கின்றன அவை. அலகு என்பது சர்வதேச நிதியத்தின் கணக்குப் பணம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டகத்துக்குள் இத்தனை சிப்பங்கள் என்று கப்பல் ரசீதில் எழுதியிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சிப்பம். எழுதாவிட்டால் பெட்டகம் முழுவதும் ஒரே சிப்பம்! எண்பது பெட்டிகளை அனுப்பியவர் ஒரு பெட்டி அனுப்பியவராகிவிடுகிறார்.

கப்பல் சரக்குக்குக் காப்புறுதி அவசியம் என்பதற்கு 2021-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்ற பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் வழியை அடைத்தது. அதன்பின் கப்பலின் உடைமையாளர்கள், கடல் வாணிகத்தின் பழைய வழக்கப்படி, மீட்புச் செலவைக் கப்பலும் சரக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். தம் பெட்டகத்தில் ஒரு தட்டுக்கூட உடையாதவரும் தம் பங்குக்கு உத்தரவாதம் காட்டவேண்டும். காப்புறுதி செய்தவருக்காக அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்; செய்யாதவர் தாமே பணம் கட்டிச் சரக்கை மீட்கவேண்டும்.

மீண்டும் நாகபுரிக்கு வருகிறேன். 2018-இல் அங்கிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றலானபோது ஒரு பெரியவரை அழைத்தேன். தொலைபேசியில் அவர் தொகை சொல்ல மறுத்துவிட்டார். மறுநாள் வந்தார். அலமாரிகளைத் திறக்கச் சொன்னார்; பரணில் ஏறிப் பார்த்தார். கோயம்புத்தூரில் எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, தெருவுக்குள் லாரி நுழையுமா என்றெல்லாம் கேட்டார். ‘சாமான்கள் ஆடிக்கு முன்னே போய்ச் சேரவேண்டுமா?’ என்றும் கேட்டார். அந்த ஊரில் பல வருஷம் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை செய்த பழக்கம்! பிறகுதான் தொகை சொன்னார். அது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அடுத்து ஒரு நோட்டை எடுத்து ஜாபிதா எழுத ஆரம்பித்தார். ‘மர நாற்காலி, பின்கால் ஒன்றில் வெடிப்பு’, ‘கிரைண்டர், மூடி இல்லை’ என்று ஒவ்வொரு பொருளின் குறையையும் எழுதினார். எனக்குச் சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. ‘என் வீட்டுச் சாமான்களைக் குற்றம் சொல்லுகிறீர்களே!’ என்றேன். ‘இல்லை ஐயா, இதை இப்போது எழுதினால் நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் சண்டை வராது’ என்றார்.

நகை, பத்திரங்கள், எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புத்தகங்களைச் சிறு பெட்டிகளிலேயே கட்டினார். பெரிய பெட்டியில் புத்தகம் நிரப்பினால் தூக்குகிறவன் கீழே போடாமல் என்ன செய்வான் என்பது அவர் கேள்வி. பாத்திரப் பெட்டிகளின் மேல் மேல்நோக்கிய அம்புகளையும், உடையும் பொருள் என்பதற்குக் கண்ணாடிக் கிண்ணத்தின் படத்தையும், நனையக்கூடாது என்பதற்குக் குடையின் படத்தையும் வரைந்தார். எந்த மாநிலத்துச் சுமைகூலியாளுக்கும் விளங்கும் மொழி அது. வேறொரு நிலையத்தார் ஈ-வே பில் எடுக்கவென்று தனித் தொகை கேட்டிருந்ததைச் சொன்னேன். உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை என்று விதியிலேயே இருப்பதைக் காட்டினார். மதிப்புக் கட்டத்தைத் தாம் நிரப்பாமல் என்னிடம் நீட்டினார். நான் உண்மையான மதிப்பை எழுதினேன். அதற்குரிய காப்புறுதிப் பத்திரம் மூன்றாம் நாள் வந்தது.

கடைசியாக வீணையைக் காட்டினேன். குடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ‘நான் எப்படிக் கட்டினாலும் லாரி குலுங்கும், ஐயா. இதை என்னிடம் கொடுக்காதீர்கள்’ என்றார். கூலி வாங்க வந்தவர் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

சாமான்கள் ஏழாம் நாள் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தன. ஊறுகாய் ஜாடி ஒன்று மட்டும் உடைந்திருந்தது. ஜாபிதாவில் அதன் எண்ணைப் பார்த்து, கேட்காமலே ஈடு கொடுத்தார். அந்த ஜாபிதாவை இன்னும் வைத்திருக்கிறேன். மொத்தம் 112 வரிகள். ஏற்றாத பொருளையும் எழுதாமல் விட அவருக்கு மனம் வரவில்லை போலும். கடைசி வரியில் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘வீணை ஒன்று. குடத்தில் பழைய ஒட்டு. சொந்தக்காரர் கையோடு, ரயிலில்.’