ஹெரால்டில் எது ஒரிஜினல்?



1961-ல் நம்ம சென்னையில் தயாரிப்பு தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதுப்பிக்கிறவர்கள் கேட்பது இதுதான்: "எதை ஒரிஜினலாகவே விடணும் சார்?"

பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்குமே, அதில் கை வைக்காதீர்கள். நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. அதற்கு இன்னும் மரியாதை. பெயிண்ட் நிறத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம், அது கிடக்கட்டும். பெட்ரோல் ஹோஸை யார் பார்க்கிறார்கள்? இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி, வெடிப்பு விட்டு, சூடான என்ஜின் மேல் கசிந்தால் வண்டியே எரிந்துவிடும். பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாங்க. அந்தத் தூசியைச் சுவாசிப்பது மெக்கானிக் ஷெட் பையன். இந்த இரண்டுக்கும் விண்டேஜ் ராலி நடுவர் மார்க் குறைத்தால் குறைக்கட்டுமே!