கரிசல் விதையும் கணினி வட்டும்

(கோவில்பட்டி அவையில் ஆற்றப்பெற்ற உரை)



வானத்தை நம்பி வாழும் மண் இம்மண். ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத இக் கரிசற்காட்டில் உழவன் மழைக்காகக் காத்திருந்தான். ஆனால் விதைக்காகப் பிறன் வாயிலிற் காத்திருந்தானல்லன். சென்ற விளைச்சலிற் சிறந்த பருத்திக்கொட்டையைத் தேர்ந்து காத்து வைத்தான். சாணிப்பாலில் தேய்த்து உலர்த்தினான். புரட்டாசி ஐப்பசியில் விதைத்தான். தன் தேவைக்கு மிஞ்சியதை அடுத்த புஞ்சைக்காரனுக்கும் கொடுத்தான். 1901ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்கிவரும் வேளாண் ஆய்வு நிலையம் வகை வகையாகத் தேர்ந்து வெளியிட்ட கருங்கண்ணிப் பருத்தியும் அங்ஙனம் விதைத்து, எடுத்து, மீண்டும் விதைக்கத் தக்கதே. 2002ஆம் ஆண்டில் மரபணு மாற்றப் பருத்திக்கு நடுவணரசு இசைவு வழங்கியது. அதன் கலப்பின விதைகள் பரவிய பின்னர், பருவந்தோறும் விதைப்பையை விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை பருத்தி உழவனுக்கு நேர்ந்தது. நிலம் அவனது, உழைப்பு அவனது, விதையின் மேலுள்ள ஆளுகை மட்டும் அவனதன்று.

இந்நிலை இன்று கணினியிலும் உள்ளது. கணினி என்னும் பொறி உழுது போட்ட நிலத்தைப் போன்றது. அதனைத் தொழிற்படச் செய்வது இயங்குதளம் என்னும் மென்பொருள். பொறியை விலைகொடுத்து வாங்கியவர், அதனுள்ளிருக்கும் விண்டோசு இயங்குதளத்தையும் தாம் வாங்கிவிட்டதாகக் கருதுவர். உண்மையில் அவர் பெற்றது பயன்படுத்தும் உரிமம் ஒன்றே. அதனைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், படியெடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. உள்ளே என்ன நிகழ்கின்றது, அது எத்துணை ஆண்டு நிகழும் என்பனவற்றை முடிவு செய்வது அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்டு நிறுவனம்.

இப்பிடியினின்று விடுபடும் வழிகளுள் மிக எளிய ஒன்றே நிகழ்வட்டு. வன்தட்டில் எதனையும் நிறுவாமல், வட்டிலிருந்தே நேராக இயங்குதளத்தை ஓட்டும் முறை அது. மாயமொன்றும் அதில் இல்லை. மின்விசையை அழுத்தியவுடன் தாய்ப்பலகையிற் பதிக்கப்பெற்றுள்ள சிறு தொடக்க நிரல் விழித்துக்கொண்டு, உறுப்புகளைச் சரிபார்த்து, இயங்குதளம் எங்குளது எனத் தேடுகின்றது. வழக்கமாக அது வன்தட்டையே நாடும். தேடும் வரிசையை மாற்றி 'முதலில் வட்டைப் பார்' எனப் பணித்துவிட்டால், வட்டிலுள்ள தொடக்கக் குறிப்பைப் படித்து, அங்கிருந்தே இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகின்றது. குறுவட்டிலிருந்து இங்ஙனம் தொடங்குதற்குரிய பொதுமுறை 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது.

குறுவட்டு கொள்வது ஏறத்தாழ 700 மெகாபைட்டு. ஆயினும் அதனுள் ஏறத்தாழ 2 கிகாபைட்டு அளவான மென்பொருள்களைச் செறித்து அடக்கிவிடுகின்றனர். வேண்டிய பகுதி வேண்டியபோது விரிக்கப்பெற்றுப் படிக்கப்பெறும். பயன்படுத்துவோர் எழுதுவனவும் மாற்றுவனவும் நினைவகத்திலேயே தங்கிக் கணினியை அணைத்தவுடன் மறையும். அவரே பணித்தாலன்றி வன்தட்டிலுள்ள ஓர் எழுத்தும் மாறாது. இதனால் குறைகளும் உண்டு. வட்டைப் படிப்பதற்கு நேரம் பிடிக்கும். எழுதியதை வேறோர் இடத்திற் சேமிக்காவிடின் இழக்க நேரும். ஆனால் நன்மை பெரிது. நச்சுநிரல் புகுந்து முடங்கிய கணினியிலிருந்து கோப்புகளை மீட்கலாம். வன்தட்டே பழுதான கணினியையும் இயக்கலாம். புதிய இயங்குதளம் தன் பொறிக்கு ஒத்துவருமா என, எதனையும் இழக்காமல் ஆய்ந்து பார்க்கலாம். ஒரு பிடி விதையை ஓர் ஓரத்தில் ஊன்றிப் பார்த்த பின்னரே காடு முழுதும் விதைக்கும் உழவனின் முன்னறிவு அன்றோ இது!

இவ்வட்டுகளிற் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருளால் ஆனவை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு இசுடால்மன் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கவும், கற்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டு எழுதிய கரு, 'இலினக்சு' எனப் பெயர் பெற்று அதனோடு இணைந்தது. 2000ஆம் ஆண்டில் செருமானியராகிய கிளாவுசு நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்சு' நிகழ்வட்டை உலகறியச் செய்தது. 2004இல் தோன்றிய 'உபுண்டு' இயங்குதளத்தார், 2011ஆம் ஆண்டு வரை எந்நாட்டார் கேட்பினும் வட்டுகளை விலையின்றி அஞ்சலில் அனுப்பினர். ஆங்கிலம் ஆளும் துறையில் பின்லாந்தின் மாணவர் ஒருவர் தாமே எழுதத் துணிந்தார் என்பதைத் தமிழ் இளைஞர் மறத்தல் ஆகாது.

தமிழ்நாட்டிலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. நடுவணரசின் சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாசு' என்னும் இலினக்சு இயங்குதளம் சென்னையில் உருவாக்கப்பெற்றதே. அதற்குத் தமிழ்ப் பெயர் சூட்டினாரல்லர். எனினும் அதனுள் தமிழும் இடம்பெற்றது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் அதே காலத்தையொட்டித் தன் அலுவற் கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டியது. 2011 செட்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாசும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. ஒரே பொறியில் இரண்டு விதைகள்! ஆனால் எதனை விதைப்பது என்பதைப் பழக்கம் முடிவு செய்தது. ஆசிரியர் விண்டோசை அறிவார். கடைக்காரர் விண்டோசை அறிவார். ஆகலின் மாணவரும் அதனையே தொட்டனர். இலவயமாக வந்த உரிமைக்கும் பயிற்சி இல்லையேற் பயனில்லை என்பதே அத்திட்டம் புகட்டிய பாடம்.

இதற்கிடையே வாயிலும் குறுகிவருகின்றது. 2012ஆம் ஆண்டில் விண்டோசு 8 வெளிவந்தபோது, 'காப்புத் தொடக்கம்' என்னும் முறை புதிய கணினிகளிற் பரவியது. ஒப்புதல் முத்திரை இல்லாத இயங்குதளத்தைத் தொடக்க நிரல் உள்ளே விடாது. நச்சுநிரலைத் தடுக்க அது உதவுகின்றது என்பது உண்மையே. ஆயின் அம்முத்திரைக்குரிய திறவுகோல், பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாப்டு நிறுவனத்தினுடையது. இலினக்சு வெளியிடுவோரும் அந்நிறுவனத்தின் முத்திரையைப் பெற்றே நுழையவேண்டியதாயிற்று. அக்காப்பை உரிமையாளர் அணைத்துவிடும் வசதி பல பொறிகளில் இன்னும் உண்டு. அவ்வசதி கட்டாயம் இருத்தல் வேண்டும் என்னும் நெறியோ விண்டோசு 10 காலத்தில் தளர்த்தப்பெற்றது. தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பிறனிடம் ஒப்புதல் கேட்கும் நிலை வளர்ந்தால், நிகழ்வட்டு கையில் இருந்தும் பயனில்லாமற் போகும். கணினி வாங்குவோர் விலையையும் வேகத்தையும் கேட்பது போலவே, இதனையும் கேட்டு வாங்குதல் வேண்டும்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோசு 10க்குரிய பொதுத்துணை முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11 கேட்கும் புதிய உறுப்புகள் பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. பொறி பழுதுபடவில்லை, திரை ஒளிர்கின்றது, விசைப்பலகை இயங்குகின்றது. எனினும் 'பழையது, எறிந்துவிடு' என்பது தொலைவிலிருந்து வரும் தீர்ப்பு. தீப்பெட்டித் தொழிலகத்தின் கணக்கறையிலும், அச்சகத்திலும், கடலைமிட்டாய்க் கடையிலும், சிற்றூர்ப் பள்ளியிலும் உள்ள கணினியை எறிவதா? அதற்கு ஈடாகப் புதியது வாங்கும் பணம் யார் உழைப்பு? கோப்புகளை முதலிற் படியெடுத்து வைத்துக்கொண்டு, நிகழ்முறையில் இலினக்சை ஓட்டிப் பார்த்தால், அப்பொறிகளிற் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்பது தெளியும். இன்று குறுவட்டுச் செருகிடம் அருகிவிட்டமையால், வட்டின் இடத்தை விரலி பிடித்துக்கொண்டது. கருவி மாறினும் முறை மாறவில்லை. எழுதியதை அதிலேயே சேமித்துக்கொள்ளும் வசதியும் கூடியுள்ளது.

இனித் தமிழ்பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பிறர் முடிக்க வேண்டிய பணியன்று அது. 1991இல் ஒருங்குகுறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பெற்றது. தமிழகத்தும் ஈழத்தும் அயல்நாடுகளிலும் வாழும் தன்னார்வலர், கூலி கருதாது, இலினக்சின் திரைச்சொற்களைத் தமிழாக்கினர். 'தெபியன்' இயங்குதளத்தை நிறுவுங்கால் வரைகலைத் திரையின் மொழிப்பட்டியலில் தமிழும் நிற்கின்றது. அங்கே ஆங்கிலத்தைத் தொடும் விரல் யாருடையது? தமிழனுடையதே! 'தமிழ்ச்சொல் விளங்கவில்லை' என்பர். ஆங்கிலச் சொல் மட்டும் பிறக்கும்போதே விளங்கிற்றா? பன்முறை கண்டு பழகியதால் விளங்கிற்று. ஒரு காலத்தில் நகைக்கப்பட்ட 'கணினி' என்னும் சொல் இன்று சிற்றூர்ச் சிறுவன் வாயிலும் வழங்குகின்றது. பயன்படுத்துவார் இல்லாத மொழிபெயர்ப்பைத் திருத்துவாரும் இரார். திருத்துவார் இன்றேல் அடுத்த பதிப்பில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாய்த் திரை கிழிந்து நிற்கும். அக்குறைக்கு அயலானைப் பழித்துப் பயனில்லை.

ஆகலின், செய்ய வேண்டுவன சிலவே. பள்ளிதோறும் நூலகந்தோறும் தமிழ்த் திரையோடு தொடங்கும் விரலி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அதனைப் படியெடுத்துக் கொடுத்தல் குற்றமன்று. அதற்கென்றே அம்மென்பொருள் எழுதப்பெற்றது. கற்றவர் ஒருவர் பத்துப் பேருக்கு இயக்கிக் காட்டுதல் வேண்டும். தமிழறிந்தோர் ஆளுக்குச் சில திரைச்சொற்களையேனும் பெயர்த்தும் திருத்தியும் உதவுதல் வேண்டும். இதற்கு அரசாணை வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா.

விதையைக் காத்து வைத்தவனும், அதனை அண்டையானுக்குக் கொடுத்தவனும் இந்நிலத்து உழவனே. அவன் மக்கள் கணினியின் முன் அமரும்போது, முதற்றிரையில் தமிழ் எழுந்து நிற்கட்டும்!

வெல்க தமிழ்!