கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்!

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தப் படிப்புக்கு எங்கே வேலை கிடைக்கும் என்பதை எனக்கு முன்னால் பேசிய சகோதரர்கள் விளக்கிச் சொன்னார்கள். நான் படிப்பைப் பற்றிப் பேச வரவில்லை. சேருகிற அன்று ஒரு பாரத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, பின்பக்கம் ஒரு கையெழுத்து, கீழே அத்தா கையெழுத்து" என்று வாங்கிக் கொள்கிறார்களே, அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வியாபாரிகளே! ஒரு லோடு சரக்கு வந்து இறங்கினால் பில்லைப் பார்க்கிறீர்கள், எடையைப் பார்க்கிறீர்கள், ஒரு மூட்டை குறைந்தாலும் லாரியை நிறுத்தி வைக்கிறீர்கள். கடை வாடகைக்கு எடுத்தால் அக்ரிமெண்டை வக்கீலிடம் காட்டுகிறீர்கள். ஆனால் பிள்ளையின் நான்கு வருடப் படிப்புக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டும்போது மட்டும் ஏன் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை? "பெரிய இடம், படித்தவர்கள் நடத்துகிறார்கள், தப்பாகவா எழுதியிருப்பார்கள்?" என்ற மரியாதைதான் காரணம். மரியாதை நல்லதுதான். ஆனால் அந்தப் பாரம் ஓர் ஒப்பந்தம். அதை முழுக்க முழுக்க ஒரு தரப்பு மட்டும் எழுதியிருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறார்கள்? "ஒரு முறை கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது." "நடுவில் விலகினால் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்ட வேண்டும்." "அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருக்கும்." "கட்டணத்தை முன்னறிவிப்பின்றி மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு." பாரத்துக்குப் பாரம் வாசகம் மாறலாம், விஷயம் மாறுவதில்லை.

இந்த வரிகள் ஏன் வந்தன? காலத்தைப் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் தாங்களே நுழைவுத் தேர்வு வைத்து, அரசுக் கலந்தாய்வு முடிவதற்கு வெகு முன்பே சேர்க்கையைத் தொடங்கி விடுகின்றன. "இன்றைக்குப் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்கிறார்கள். பயத்தில் தகப்பன் கட்டி விடுகிறார். ஜூலையிலோ ஆகஸ்டிலோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது, கட்டணமோ பத்தில் ஒரு பங்கு. அப்போதுதான் அந்த வரிகள் கண்ணில் படுகின்றன!

இப்படி ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. தகப்பனார் சின்ன மளிகைக் கடைக்காரர். மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து விட்டது, சேருவதற்கு ஐந்தே நாட்கள். சான்றிதழ்களோ முதலில் சேர்ந்த இடத்தில் இருக்கின்றன. "மீதி மூன்று வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்றாராம் அலுவலர். கடையை அடகு வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார் அந்த மனிதர். ஒரு பைசா கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. மானியக் குழுவின் அறிவிக்கையை ஜெராக்ஸ் எடுத்து, அதோடு எழுத்து மூலமான மனுவையும் வைத்துக் கொடுத்த பிறகு மூன்றாம் நாள் சான்றிதழ்கள் வந்தன. பணம் வர நான்கு மாதம் ஆனது. அது வேறு கதை.

அந்த அறிவிக்கை என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்டது அது. அசல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையில் சரிபார்த்து, நகலை வைத்துக்கொண்டு, அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் பிடித்து வைக்கக் கூடாது. கட்டணம் அந்தப் பருவத்துக்கு அல்லது அந்த ஆண்டுக்கு மட்டுமே வாங்கலாம். விலகுகிறவருக்குப் பணம் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு? சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை. அதில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் அலுவலகச் செலவாகப் பிடிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாட்களுக்குள் 80, அதன் பிறகு 30 நாட்கள் வரை 50. அதற்கும் பிந்தினால் ஒன்றும் இல்லை. காப்புத் தொகை மட்டும் எப்போது விலகினாலும் முழுதாக வர வேண்டும். மனுக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் வந்து சேர வேண்டும்.

இதற்கு மேல் சில ஆண்டுகளில் தனிச் சுற்றறிக்கையும் வருவதுண்டு. 2024-25 கல்வியாண்டுக்கு, 2024 செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று அறிவித்தார்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்கு என்ன அறிவிப்பு என்று பணம் கட்டுமுன்பே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

"நான்தான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே ஹஜ்ரத், வாக்கு மாறலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. வாக்கைக் காப்பாற்றுவது கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கலில் அச்சாரம் கொடுத்தவன் வாங்காமல் போனால் அந்த அச்சாரத்தை விற்பவன் எடுத்துக் கொள்ளலாமா என்று நம் இமாம்களே விவாதித்திருக்கிறார்கள். உர்பூன் என்று அதற்குப் பெயர். ஹன்பலி மத்ஹபில் கூடும் என்றார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி அறிஞர்களோ அதை அனுமதிக்கவில்லை. பிரதிபலன் இல்லாமல் அடுத்தவன் பணம் கைக்கு வருகிறதே என்பதுதான் அவர்களின் கவலை. அச்சாரத்துக்கே இவ்வளவு யோசித்தார்கள் என்றால், நடத்தாத மூன்று வருடப் பாடத்துக்குக் கட்டணம் கேட்பதை என்னவென்பது?

நாட்டின் சட்டமும் இங்கே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 171-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமை யார் யாருக்கு என்று அதில் பட்டியல் இருக்கிறது. வங்கிக்காரர், சரக்கை வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டு, துறைமுகத்தில் சரக்கை இறக்கி வைப்பவர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், இன்ஷூரன்ஸ் தரகர், இவ்வளவுதான். பல்கலைக்கழகம் அதில் இல்லை. மற்றவர்கள் பிடித்து வைக்க வேண்டுமானால் வெளிப்படையாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் பாரத்தில் அந்த வரி! ஆனால் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞரே ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, அந்தக் காகிதங்கள் விற்பனைச் சரக்கு அல்ல என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்விச் சான்றிதழும் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மார்க் ஷீட்டை ஏலம் விட்டால் யார் வாங்குவார்?

இன்னொன்று. பிளஸ் டூ முடிக்கும் பலருக்குப் பதினேழு வயதுதான். பதினெட்டு நிறையாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற விதி. ஆகவேதான் பெற்றோரின் கையெழுத்தை விடாமல் வாங்குகிறார்கள். மகனுடைய கையெழுத்து கிடக்கட்டும், உங்கள் கையெழுத்து எந்த வரிக்குக் கீழே விழுகிறது என்று பாருங்கள்!

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு ஒருவர் விலகினால் அந்த இடம் படிப்பு முடியும் வரை காலியாகக் கிடக்கும். 2003-ல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனத்தில் எடுத்தது. ஒரு ஆண்டுக்கான கட்டணத்துக்கு மேல் முன்கூட்டியே வாங்கக் கூடாது, நடுவில் போய்விடுவார் என்ற அச்சம் இருந்தால் அதிகபட்சம் மீதிக் கட்டணத்துக்கு பாண்டோ வங்கி உத்தரவாதமோ கேட்கலாம் என்றது. ஆகவே பாண்ட் பத்திரம் நீட்டினால் அதை லேசாக நினைக்காதீர்கள். எவ்வளவு தொகை, எந்த நிலையில் கட்ட வேண்டும் என்று படித்துவிட்டே பேனாவை எடுங்கள்.

நன்கொடை விஷயத்துக்கு வருகிறேன். கட்டணத்துக்கு மேல் கேபிடேஷன் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் "டிரஸ்டுக்கு டொனேஷன்" என்ற பெயரில் ரொக்கமாகக் கேட்கும் இடங்கள் உண்டு. ரொக்கத்தில் புழங்கிப் பழகிய நம் வியாபாரிகள் மஞ்சள் பையோடு போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ரசீது இல்லாத பணத்தை எந்த விதியைக் காட்டித் திருப்பிக் கேட்பீர்கள்? ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும், மாணவரின் பெயர் இருக்க வேண்டும், எந்தக் கட்டணம் என்று இருக்க வேண்டும். வங்கி வழியாகக் கட்டுங்கள். விடுதிக்கும் பஸ்ஸுக்கும் தனிப் பாரம் இருந்தால் அதையும் தனியாகப் படியுங்கள்.

நம் சமுதாயப் பிரமுகர்கள் நடத்தும் நிறுவனங்கள் மட்டும் இதற்கு விலக்கா? இல்லை! அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு நமக்குக் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் பெயரால் கேபிடேஷன் வாங்க முடியாது என்பதை 2005-ல் இனாம்தார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தெளிவாக்கியது. வெளியார் வாங்கினால் கொள்ளை, நம்மவர் வாங்கினால் கொடை என்று பேசுவது நேர்மையல்ல. மேடையில் இருக்கும் கல்லூரிக் கமிட்டிப் பெரியவர்கள் என்னைக் கோபித்துக் கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டுப் பாரத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த வரிகளை நீங்களே அடித்து விடுங்கள்.

தகராறு வந்துவிட்டால் எங்கே போவது? நுகர்வோர் கோர்ட்டை நம்பி உட்காராதீர்கள். மாணவர் நுகர்வோர் அல்ல என்று 2010-ல் ஒரு தீர்ப்பு, அதற்கு மாறாகவும் தீர்ப்புகள் உண்டு. இந்தக் கேள்வியை 2020-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விசாரணைக்கு எடுத்தது. முதலில் போக வேண்டியது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தக் குழுவும், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் இருந்தாக வேண்டும். சான்றிதழைக் கொடுக்க மறுப்பதும் பணத்தைத் திருப்பித் தராததும் அந்த விதிகளிலேயே குறைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. மானியக் குழுவுக்கும் புகார் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனுப் போடலாம். வக்கீல் செலவுக்கு அஞ்சும் பெற்றோருக்கு ஒரு செய்தி: சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மகளின் பெயரால் மனுக் கொடுங்கள்.

விலகுவதென்று முடிவெடுத்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். எந்த நாளில் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் 100-ஆ, 90-ஆ, 50-ஆ என்பதே முடிவாகிறது. மாணவர் பெயர், விண்ணப்ப எண், கட்டிய தொகை, ரசீது எண், வங்கிக் கணக்கு எல்லாம் எழுதி, தேதி போட்டு, அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ஈமெயிலும் அனுப்புங்கள். அந்த மனுவின் மாதிரி வாசகத்தை அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறோம். வாசலில் இருக்கும் சகோதரர்களிடம் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொண்டு போங்கள்.