கல்நார் புற்றும் ரத்தப் பரிசோதனையும்

மேற்கு ஆஸ்திரேலியாவில் விட்டனூம் என்று ஓர் ஊர். நீல ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் தோண்டிய ஊர். சுரங்கத்தை 1966இல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களை மீசோதெலியோமா என்ற புற்றுநோய் அதன் பிறகும் விடவில்லை. பெரும்பாலும் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருவது இது. மூச்சோடு உள்ளே போன நார், இருபது முப்பது வருடம், சிலருக்கு அதற்கும் மேலே கழித்துத்தான் வேலையைக் காட்டும். மூச்சிரைக்கிறது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியாதா?

2003இல் அதே மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் ஒரு நம்பிக்கை தந்தார்கள். மீசோதெலின் என்ற புரதம் புற்றுச் செல்களிலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்கிறது. 44 நோயாளிகளில் 37 பேருக்கு அதன் அளவு கூடியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் புழங்கியும் நோய் காணாத 40 பேரில் 7 பேருக்கும் கூடியிருந்தது. அந்த ஏழு பேரில் மூவருக்கு ஐந்து வருடத்துக்குள் இதே நோய் வந்தது. கேட்கவே சிலிர்க்கிறது, இல்லையா?

ஆனால் சிறிய ஆய்வு. 2012இல் பல ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகப் பிடிக்கும்படி அளவுகோலை வைத்தால், ஆரம்ப நிலை நோயாளிகளில் நூற்றுக்கு 32 பேர்தான் சிக்குகிறார்கள். மீதி 68 பேர் நழுவிவிடுகிறார்கள். ஐந்துதானே என்றும் விட முடியாது. ஆயிரம் தொழிலாளர்களைச் சோதித்தால் ஐம்பது பேர் வரை வீணாகப் பயப்படுவார்கள். சிறுநீரகம் பழுதானாலும் இந்தப் புரதம் கூடும். சார்க்கோமாட்டாய்டு என்ற வகைப் புற்றோ இதைப் பெரும்பாலும் வெளிவிடுவதே இல்லை. ஃபிபுலின்-3 என்ற இன்னொரு புரதத்தைக் கொண்டாடினார்கள். மற்றவர்கள் சோதித்தபோது அது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

அமெரிக்கா 2007இல் மீசோதெலின் பரிசோதனையை அனுமதித்தது, நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கு. நோயைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. என்னைக் கேட்டால் அதுதான் சரியான இடம். உறுதிப்படுத்த இன்றும் பெரும்பாலும் உறையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. பதிவேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்களோ உங்கள் அப்பாவோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தயாரித்தவர், அறுத்தவர் என்றால், மூச்சிரைப்புக்காக டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் அந்த வேலையைச் சொல்லிவிடுங்கள்.